நாற்பத்திரண்டுக்கு அப்புறம்

பெட்டி பெங்களூரிலிருந்து வந்தது.
பதினோரு கிலோ.
"புத்தகமாக்கா, கல்லாக்கா?" என்று
மூச்சு வாங்கினார் கூரியர்க்காரர்.
முப்பத்தாறு வாரம் உள்ளே இருந்தது,
வாரத்துக்கு ஐந்து நாள்,
நாளுக்கு நான்கு கட்டம்.
மூன்று தவணையில் இரண்டு பாக்கி.

மாதா படத்துக்குக் கீழே அட்டவணையை ஒட்டினேன்.
சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்த பெலிக்ஸ்
செருப்பைக் கழற்றாமல் நின்று படித்தார்.
"எங்க பாய்லருக்கே இவ்ளோ கட்டம் இல்ல"
என்றுவிட்டுத் தூங்கப் போனார்.

மூன்றாம் நாளே கட்டங்கள் பிதுங்கின.
ஏழு ஆப்பிள், மூன்றைத் தின்றால் மிச்சம் எத்தனை?
ஜெசிந்தா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.
அவளுக்கு விடை தெரியும்.
தின்றது யார் என்பதுதான் தெரியவில்லை.
"லியோன்னு வச்சுக்க."
"அவனுக்குத்தான் ஆப்பிள் பிடிக்காதே."

லியோவுக்கு மூன்றரை.
பாடத்திட்டத்தில் அவனுக்கு இடமில்லை.
மேசைக்குக் கீழே இருந்துகொண்டு
அக்காவின் விடைகளை அவளுக்கு முன்பே சொன்னான்,
தப்பாக, உரக்க.

வழிகாட்டியின் மூன்றாம் பக்கத்தில்
பொடி எழுத்தில் இருந்தது:
தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.
அன்றிரவே கத்தரிக்கோலை எடுத்தேன்.

பதினோராம் வாரம் பனி.
குல்லாய் போட்ட பிள்ளைகள், வெள்ளைக் கூரைகள்.
எங்களுக்கு டிசம்பர் என்றால்
மெழுகுவர்த்தி, பாலிதீன் பையில் ரேஷன் கார்டு,
துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு என்கிற பேச்சு.
இரண்டு தாளை வெட்டி
ஞானஸ்நானச் சீட்டுகளோடு பீரோ மேல் வைத்தேன்.
அந்த இடத்தில்
ஒன்று முதல் பதினொன்று வரை புயல் கூண்டு வரைந்து
நானே எழுதி ஒட்டினேன்.
எனக்கே என்னைப் பிடித்திருந்தது அன்றைக்கு.
பக்க எண் போட மட்டும் மறந்துபோனேன்.

"நாப்பத்திரெண்டு. அப்புறம் நாப்பத்தேழு.
நடுவுல நாலு பேரு எங்கம்மா?"
ஜூனில் இருபதைத் தாண்டாதவள்.

"அது பனிடி. நம்ம ஊர்ல பெய்யாது."
"மார்கழில பெய்யுதே."
"அது வேற பனி."
"எத்தன பனி இருக்கு?"
எந்த வாரத்திலும் இல்லாத கேள்வி.
வெட்டிய தாளை எடுத்துக் கொடுத்தேன்.
படத்தில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஓ.டி. துறைமுகம்.
ஐஸ் உடைக்கும் இயந்திரத்துக்குள்
பாளம் பாளமாகத் தள்ளினார் கலியபெருமாள்.
மறுபுறம் வெள்ளையாகக் கொட்டியது,
பிளாஸ்டிக் கூடையில்,
சங்கரா மீன்களின் மேல், எங்கள் காலில்.
"ஓரமா நில்லுங்கம்மா, பெல்ட்டு ஓடுது."
எந்தத் தண்ணீரோ என்று நான் யோசிப்பதற்குள்
லியோ ஒரு பிடி தின்றுவிட்டான்.

நாற்பத்து நாலாம் பக்கம் சொல்கிறது:
கறுப்புத் துணியில் ஏந்திப் பார்,
ஒவ்வொன்றுக்கும் ஆறு முனை.
என் குடையை விரித்து ஏந்தினாள்.
குனிந்தாள். எண்ணினாள். மறுபடி ஏந்தினாள்.
"ஒரு முனையும் இல்லம்மா. புக்கு தப்பு."
இது பனியில்லை, ஐஸ் என்று சொல்லியிருக்கலாம்.
அவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு
எப்படிச் சொல்ல?

ராத்திரி நோட்டில் எழுதியிருந்தாள்:
பணி மீன் நாத்தம் அடிக்கும்.
மூன்று சுழியை அடித்து இரண்டாக்கப் பென்சிலை எடுத்தேன்.
வேலைக்குக் கிளம்பிய பெலிக்ஸ்
எட்டிப் பார்த்து,
சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்து,
"சரியாத்தான் எழுதியிருக்கா.
மீனுக்குப் பதிலா கெமிக்கல்னு போடலாம்" என்றார்.

வெட்டிய தாள்களைத் திரும்ப ஒட்டினேன்.
கூண்டுகளையும் எடுக்கவில்லை.
புத்தகம் மூட மாட்டேன் என்கிறது,
மேலே உப்பு ஜாடி வைத்திருக்கிறேன்.
படிப்பில் ஜெசிந்தா பதினாலாம் வாரம்,
கணக்கில் ஒன்பது,
ஆப்பிளில் இன்னும் முதல் வாரம்.
எத்தனாம் வாரம் ஓடுது என்று யார் கேட்டாலும்
மேசைக்குக் கீழிருந்து பதில் வருகிறது:
"ஏழு!"